நாலு டிகிரி கோபம்

பெட்டியக்காவின் கோபத்தால் முப்பத்தொரு மணி நேரம் கெடாமல் இருந்த கல்லீரல் ஒன்று, ஒரு வியாழக்கிழமை பிற்பகலில், பேருந்து நடத்துநர் ஒருவரின் வயிற்றில் வைத்துத் தைக்கப்பட்டது. இரத்தம் உள்ளே போன மூன்றாவது நிமிடத்தில் அது சிவந்து உப்பியது. ஐந்தாவது நிமிடத்தில் தங்க நிறத்தில் பித்தநீர் சொட்டியது. வழக்கமாக ஒரு கல்லீரல் ஐஸில் எட்டு மணி நேரம் இருந்துவிட்டாலே மருத்துவர்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். பன்னிரண்டு தாண்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முப்பத்தொன்று என்பது அந்தத் தொழிலில் யாரும் கேள்விப்படாத கணக்கு. நடத்துநர் பன்னிரண்டாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். மூன்று மாதத்தில் தன் பழைய வழித்தடத்தில், படிக்கட்டில் தொங்குகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

பெட்டியக்கா அந்த மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தவள். மூன்றாம் தளத்தில், லிஃப்டுக்கும் சலவை அறைக்கும் நடுவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் ஒரு நீளமான எஃகு மேசை, ஐஸ் நொறுக்கும் இயந்திரம், சுவரோரம் அடுக்கிய வெள்ளைப் பெட்டிகள். மூளைச்சாவு அடைந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த உறுப்பு அடுத்தவர் உடலுக்குள் போகும்வரை அதற்குப் பொறுப்பு அவள். குளிர்ந்த திரவத்தை உள்ளே செலுத்தி இரத்தத்தை முழுக்கக் கழுவுவாள். ஐஸ் நேராகப் படாதபடி மூன்று உறைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டுவாள். நொறுக்கிய ஐஸின் நடுவே இறக்கி, நாலு டிகிரி காட்டுகிறதா என்று பார்த்து, மூடியில் நேரத்தை எழுதி ஒட்டுவாள். குளிர் கல்லீரலைத் தூங்கவைக்கிறது என்று புதிதாக வரும் மருத்துவர்களுக்கு வகுப்பில் சொல்லித்தருவார்கள். தூக்கமும் இல்லை ஒன்றும் இல்லை, பட்டினி போட்டுப் படுக்கவைத்திருக்கிறோம் என்பது பெட்டியக்காவின் கட்சி. மூச்சுக் காற்று இல்லாமல், சாப்பாடு இல்லாமல் இருட்டில் கிடக்கிற கல்லீரல் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நாள்கணக்கில் பட்டினி கிடந்தவன் முன்னால் திடீரென்று விருந்தை வைத்தால் அதுவே அவனை முடித்துவிடுகிற மாதிரி, சூடான இரத்தம் திரும்ப உள்ளே பாய்கிற நிமிடத்தில்தான் எவ்வளவு சேதம் என்பது தெரியவரும். அப்போது தெரிந்து யாருக்கும் பயன் இல்லை.

இது அவளுக்குத் தொழிலாக மட்டும் தெரிந்த விஷயமாக இருந்திருக்கலாம். ஆனால் நடத்துநருக்கு மூன்று வாரம் முன்பு, அவளுடைய சொந்தத் தங்கை அதே மருத்துவமனையில் இறந்துபோனாள். தங்கை பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பதினான்கு மாதம் கல்லீரலுக்காகக் காத்திருந்தவள். காத்திருந்த காலத்தில் மஞ்சள் பூத்த கண்ணோடு பரீட்சைத் தாள் திருத்தியவள். கல்லீரல் காலை ஒன்பது மணிக்கு வந்துசேர்ந்தது. பெட்டியைப் பெட்டியக்காவே வாங்கி வைத்தாள். அறுவை அறை தயாராக இருந்தது, மருத்துவர் தயாராக இருந்தார், தங்கை கையில் ஊசி ஏற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். ஒதுக்கீட்டுப் படிவத்தில் இயக்குநரின் கையெழுத்து மட்டும் வேண்டும். இயக்குநர் தன் பெயர் வைத்த ஒரு கலையரங்கத்தைத் திறக்கப் போயிருந்தார். திறந்தார், பேசினார், சாப்பிட்டார், ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தார். கையெழுத்து வந்தபோது பெட்டிக்குள் கல்லீரல் பதினேழாவது மணி நேரத்தில் இருந்தது. உள்ளே வைத்தார்கள், இரத்தத்தைத் திறந்துவிட்டார்கள். அது சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகக் கிடந்தது, ஒரு சொட்டுப் பித்தநீர் வரவில்லை. நான்காம் நாள் தங்கை போய்விட்டாள். விசாரணை அறிக்கை ஒரே பக்கம்தான். "கல்லீரலின் இயல்பான தரக்குறைவு" என்று அதில் எழுதி, அதே இயக்குநர் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் கையெழுத்துக்கு நேரம் ஆகவில்லை.

பெட்டியக்கா அழவில்லை, யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள். கல் மாதிரி இருக்கிறாள் என்று செவிலியர்கள் பேசிக்கொண்டார்கள். நடத்துநருக்கான கல்லீரலை எடுத்துவரப் பக்கத்து நகரத்துக்குப் போனவள் அவள்தான். யாரோ பெரிய மனிதரின் கார் வரிசை போவதற்காகப் பாலத்தை அடைத்தார்கள். பிறகு ஒரு முத்திரை சரியாக விழவில்லை என்று வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். அவள் ஆம்புலன்ஸின் பின்பக்கத்தில் பெட்டியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வண்டி மருத்துவமனைக்கு வந்தபோது ஒரு துண்டு ஐஸ்கூட உருகியிருக்கவில்லை. நடத்துநர் அன்றைய இரவைத் தாண்டமாட்டார் என்பதால், வேறு வழியில்லாமல்தான் வைத்துப் பார்த்தார்கள்.

முதலில் விஷயத்தைக் கண்டுபிடித்தவர் நெட்டை டாக்டர். கல்லீரல் மாற்றுகிற அறுவை மருத்துவர் அவர். கதவுநிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் ஒரு நாளும் போனதில்லை என்பதால் அந்தப் பெயர். எதையும் கட்டம் போட்டு எழுதுகிற பழக்கம் அவருக்கு. எத்தனை மணி நேரம் ஐஸில் இருந்தது, எத்தனை நிமிடத்தில் பித்தநீர் வந்தது என்று எழுதிக்கொண்டே வந்தவர், எட்டு மாதத்துக்குப் பிறகு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் புதிதாக ஒரு கட்டம் போட்டார். அதற்கு "அக்கா" என்று தலைப்பு. அவள் கோபமாகப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பதினொரு முறையும் கல்லீரல் அப்போதுதான் பறித்ததுபோல் இருந்திருக்கிறது. சலவை அறைக்காரி அவளைச் சிரிக்கவைத்த அன்று, ஒன்பது மணி நேரத்திலேயே பித்தக் குழாய்கள் கெட்டிருக்கின்றன. இன்னொன்றும் தெரியவந்தது. வழியில் டீ குடிக்க வண்டியை நிறுத்திவிட்டுப் போன ஓட்டுநரை அவள் ஒருமுறை நிற்கவைத்துக் கிழிகிழி என்று கிழித்திருந்தாள். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு இலேசாக உணர்ந்தாள். அந்தக் கல்லீரலைப் பத்தாவது மணி நேரத்தில் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அதற்காகக் காத்திருந்த தையல்காரர் வீட்டுக்குத் திரும்பிப் போய், இன்னும் ஐந்து மாதம் காத்திருந்தார். ஆகவே வாயைத் திறந்து கொட்டிய கோபம் உதவாது. மென்று விழுங்கின கோபம்தான் காக்கும். பெட்டியக்கா இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. தையல்காரரை நினைத்து, அன்றிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டாள்.

நோட்டு இயக்குநரிடம் போனது. நெட்டை டாக்டர் நல்ல எண்ணத்தில்தான் கொண்டுபோனார். ஒரு மனுஷியின் மனவருத்தத்தை நம்பி இத்தனை உயிரை நடத்தக் கூடாது, கல்லீரலுக்குள் பிராணவாயுவோடு இரத்தத்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும் இயந்திரம் வந்திருக்கிறது, அதை வாங்குங்கள் என்று கேட்கப் போனார். இயக்குநர் நோட்டை முழுக்கப் படித்தார். ஒரு நிமிடம்கூட அவர் சந்தேகப்படவில்லை. ஒரு செலவை மிச்சம் பிடிக்கிற அற்புதத்தை நிர்வாகத்தில் இருப்பவர்கள் உடனே நம்பிவிடுவார்கள். இயந்திரத்துக்கான கோப்பின் மேல் "தேவை எழவில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

அதற்கு அடுத்த வாரம் சலவை அறைக்காரியை வேறு கட்டிடத்துக்கு மாற்றினார்கள். பெட்டியக்காவின் விடுப்புக் கடிதம் மூன்று முறை காணாமல் போனது. அவளுடைய நாற்காலியின் ஒரு காலை யாரோ அரை அங்குலம் அறுத்திருந்தார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் அவளுக்கு ஏழு வருடம் பின்னால் சேர்ந்த ஒருவனின் பெயர் வந்தது. அந்தப் பட்டியலை அவள் அறைச் சுவரிலேயே ஒட்டினார்கள். இதெல்லாம் எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால் இன்னும் ஆத்திரம் வந்தது. வந்த ஆத்திரத்தை விழுங்கினாள், கல்லீரல்கள் கெடாமல் இருந்தன. மூன்று வருடத்தில் தொண்ணூற்றுநான்கு பேர் பிழைத்தார்கள். அவர்களில் சிலர் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். அப்படி வருகிறவர்களைப் பெட்டி இருக்கும் நாட்களில் உள்ளே விடக்கூடாது, அவளுக்கு மனம் இளகிவிடும் என்று காவலாளிக்கு வாய்மொழியாக உத்தரவு இருந்தது.

ஆனால் அவளை உண்மையில் அரித்துத் தின்றது வேறு ஒன்று. கல்லீரல் கெடுவதில்லை என்று ஆனபின் யாரும் ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். முன்பெல்லாம் பெட்டி வந்தால் தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்கும். இப்போது மயக்க மருத்துவர் சாப்பிட்டுவிட்டு வந்தார். படிவம் மேசை மேசையாக இளைப்பாறிக்கொண்டு நகர்ந்தது. ஐஸில் கல்லீரல் கிடக்கும் நேரம் எட்டு மணியிலிருந்து பன்னிரண்டாகி, பதினாறாகி, இருபதாகிவிட்டது. "அக்கா இருக்காங்கல்ல" என்பதுதான் எல்லாவற்றுக்கும் பதில். தங்கையைக் கொன்ற தாமதத்துக்குத் தானே தலையணை போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது. அந்த எண்ணத்தையும் விழுங்கினாள். அன்றைய கல்லீரல் இருபத்தாறு மணி நேரம் இருந்தது.

அவளுடைய கணவன் ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்க்கிறவன். அதிகம் பேசமாட்டான், பேசினால் தொழில் கலந்துதான் பேசுவான். இயக்குநர் ஒரு நாள் தன் அறை ஏசியைப் பார்க்க வேண்டும் என்று அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் போய்விட்டு வந்து, பையைக் கீழே வைக்காமலேயே வாசலில் நின்றான்.

"ஏசி நல்லாத்தான் இருக்கு" என்றான். "என்னை எதுக்கு வரச்சொன்னாரு தெரியுமா?"

"சொன்னாத்தானே தெரியும்."

"வீட்ல நீங்க அவங்கள ரொம்ப நல்லா வச்சுக்கிறீங்களாமேன்னு கேட்டாரு. ஆமான்னேன். வாரத்துல ரெண்டு நாள் கொஞ்சம் சண்ட போட முடியுமா, பொதுநலத்துக்காகன்னாரு. என்னைக்கின்னு முந்தின நாளே போன்ல சொல்லிடுவாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஃபில்டர் அடைச்சிருக்கு சார், சுத்தம் பண்ணணும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. அந்த வாரம் வந்த கல்லீரல் நாற்பது மணி நேரம் இருந்தது. அதற்கு மேலும் இருந்திருக்கும். நெட்டை டாக்டர் வெட்கப்பட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை கணவன் ஒரு டம்ளர் பாலை அவள் கையில் கொடுத்தான். பேசிக்கொண்டே சற்று நேரம் வைத்திருந்தாள். குடிக்க வாயில் வைத்தபோது பால் ஐஸ் மாதிரி இருந்தது. அவன் டம்ளரைத் தொட்டுப் பார்த்தான், அவள் கையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு பையிலிருந்து, குளிர்பதன அறைகளில் வைத்துப் பார்க்கிற கம்பி வெப்பமானியை எடுத்து அவள் அக்குளில் வைத்தான். இருபத்திரண்டு டிகிரி என்று காட்டியது.

"எத்தன நாளா இப்படி?"

"தெரியல. கொஞ்ச நாளா குளிருது. வேலை அப்படி, அதான்னு நெனச்சேன்."

அவன் வெப்பமானியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "எங்க தொழில்ல குளிர் எங்கயும் காணாமப் போகாதும்மா. ஒரு பக்கம் எடுத்தா இன்னொரு பக்கம் போட்டே ஆகணும். அந்தக் கல்லீரலுக்குப் போற கெடுதல யாரோ வாங்கிக்கணும்ல. நீதான் வாங்கிக்கிற."

"நான் வாங்கலன்னா அவங்க வாங்கணும்."

"அந்த ஆளு வாங்கட்டுமே" என்றான் கணவன். அவன் அவ்வளவு கடுமையாகப் பேசி அவள் கேட்டதில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் பார்த்துக் காலண்டரில் எழுதினான். பத்தொன்பது, பதினாறு, பதினாறு, பதினான்கு. தூங்கும்போது அவளுக்கு மூன்று போர்வை போட்டான். காலையில் போர்வைகளின் உள்பக்கம் ஈரமாக இருக்கும். மருத்துவமனை ஸ்கேனில் அவளுடைய கல்லீரல் கழுவி வைத்ததுபோல் வெளிறித் தெரிந்தது. பார்த்த மருத்துவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓய்வு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதமும் காணாமல் போனது. அவளுக்கு ஆத்திரம் வந்தது. பதினொன்று ஆயிற்று.

உறுப்புகளைக் காப்பதில் மிகச் சிறந்த மருத்துவமனை என்று ஒரு விருதை அந்த ஆண்டு அவர்களுக்குக் கொடுத்தார்கள். அது வழங்கப்பட்ட செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஏற்கெனவே நாலு மணி நேரம் ஐஸில் இருந்த ஒரு கல்லீரல் வந்துசேர்ந்தது. பெயிண்ட் கடையில் நிறம் கலந்து தருகிற இருபத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அது. அவளை அறுவை அறைக்குப் பக்கத்தில் தயார் செய்து படுக்கவைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் அவளுடைய அம்மா. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். காலை டிரிப்பை முடித்துவிட்டு, சாவிக்கொத்தை இடுப்பில் செருகியபடியே வந்திருந்தாள். அவளுக்கும் பெட்டியக்காவுக்கும் நடுவில், பெஞ்சில், பெட்டி இருந்தது. படிவம், விருது விழா நடந்துகொண்டிருந்த கருத்தரங்குக் கூடத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. கையெழுத்து இல்லை, ஒரு சீட்டுதான் குத்தியிருந்தது. விருதுக்காரர்கள் அறுவையைப் படம்பிடிக்க நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார்கள், அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று எழுதி, கீழே ஒரு வரி: பெட்டியக்காவைப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லவும்.

பெட்டியக்கா இரண்டு முறை படித்தாள். வழக்கம்போல் தாடை இறுகியது. பெட்டியின் மூடியில் பனி பூத்தது.

வேன் ஓட்டுகிற அம்மா கேட்டாள். "நாளைக்கு வரைக்கும் தாங்குமாக்கா?"

"தாங்கும். நான் இருந்தா எவ்வளவு நேரம் வேணாலும் தாங்கும்."

"அது சரி. தாங்குறதுக்கு எதுக்கு வைக்கணும்? இப்பவே உள்ள வச்சா என்ன?"

பெட்டியக்கா படிவத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை நேராக அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளாமல் விழுங்கியிருந்தாள். மெதுவான குரலில், அந்த அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னாள். பேசாமல் இருந்தால்தான் இது நிற்கும் என்றும், வாயைத் திறந்துவிட்டால் மற்ற கல்லீரல் மாதிரிதான் இதுவும் என்றும் சொன்னாள். "எட்டு மணி நேரம்தான் நல்ல நேரம். நாலு போயிடுச்சு. நான் பேசினா அந்த நாலுலருந்து கணக்கு ஓட ஆரம்பிச்சிடும். இது உங்க பொண்ணோடது. நீங்க வேணாம்னா நான் நாளைக்கு வரைக்கும் வாயத் திறக்கமாட்டேன்."

வேன் ஓட்டுகிற அம்மா பெட்டியைப் பார்த்தாள். பிறகு பெட்டியக்காவின் கையைப் பார்த்தாள். நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. அதை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்தவள், குளிர் தாங்காமல் ஒரு கணம் விட்டுவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டாள்.

"பேசுங்கக்கா" என்றாள். "பிரேக் பிடிக்கலன்னு தெரிஞ்சாத்தான் முன்னாடி போறவன் வழி விடுவான். முப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன், எனக்குத் தெரியும்."

பெட்டியக்கா பெட்டியைத் தூக்கினாள். வேன்காரம்மா ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக மூன்றாம் தளத்தின் நீளமான தாழ்வாரத்தில், கருத்தரங்குக் கூடத்தை நோக்கி நடந்தார்கள். கணக்குப் பிரிவு தாண்டும்போது பெட்டியக்கா பேசத் தொடங்கினாள். கத்தவில்லை என்று சிலரும், கட்டிடமே அதிர்ந்தது என்று சிலரும் பிற்பாடு சொன்னார்கள். காலை ஒன்பது மணிக்கு வந்துச்சு என்று தொடங்கினாள். ஒன்பது மணிக்கு வந்துச்சு, ஒன்பதேகாலுக்கு நான் படிவத்த எழுதி அனுப்பிச்சேன், பத்து மணிக்கு என் தங்கச்சி கையில ஊசி போட்டாங்க, பதினொரு மணிக்கு நீங்க நாடா வெட்டினீங்க, பன்னெண்டு மணிக்கு மாலை போட்டுக்கிட்டீங்க, ஒரு மணிக்கு அவ எங்கிட்ட எப்பக்கா கூப்பிடுவாங்கன்னு கேட்டா. பதினேழு மணி நேரத்தையும் ஒரு மணிகூட விடாமல் சொன்னாள். பிறகு தையல்காரரைச் சொன்னாள், அறுத்த நாற்காலிக் காலைச் சொன்னாள், தொலைந்துபோன கடிதங்களைத் தேதியோடு சொன்னாள், வீட்டில் சண்டை போடச் சொன்னதைச் சொன்னாள், எட்டு மணி எப்படி இருபது மணியானது என்று மாதவாரியாகச் சொன்னாள். சொல்லச் சொல்லப் பெட்டிக்குள் ஐஸ் உருகி, மூடி இடுக்கு வழியாகத் தண்ணீர் தரையில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. அறைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அந்தத் தண்ணீர்க் கோட்டின் பொருள் அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். மயக்க மருத்துவர் கையிலிருந்த டம்ளரை ஜன்னல் மேல் வைத்துவிட்டு அறுவை அறையை நோக்கி ஓடினார். ஐஸ் அறைப் பையன்கள் வாளியோடு வந்து, பெட்டியை இறக்கவிடாமலேயே புது ஐஸைக் கொட்டிக்கொண்டு கூடவே நடந்தார்கள்.

கூடத்தின் முதல் வரிசையில் விருதுக் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு இயக்குநர் உட்கார்ந்திருந்தார். பெட்டியக்கா பெட்டியை அவர் முன்னால் இருந்த மேசையில், பூங்கொத்துகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வைத்தாள்.

இயக்குநர் எழுந்து அவள் காதருகே வந்து, மிகவும் தணிந்த குரலில் சொன்னார். "அம்மா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா கோபத்த வெளிய விடாதீங்க. உள்ளயே வச்சுக்கங்க. பேஷண்டோட நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பேஷண்டோட அம்மா இங்க நிக்கிறாங்க" என்றாள் பெட்டியக்கா. "அவங்கதான் பேசச் சொன்னாங்க. ஐஸ்ல வச்சு நாலு மணி அம்பது நிமிஷம் ஆச்சு சார். எனக்கு இன்னும் பேச வேண்டியது நிறைய இருக்கு. நீங்க கையெழுத்துப் போடுற வரைக்கும் பேசுவேன்."

வேன்காரம்மா படிவத்தை மேசையில் விரித்தாள். உருகின தண்ணீர் அதன் ஓரத்தை நனைத்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் இயக்குநரின் பேனாவைப் பார்த்தார்கள். அவர் பேனாவை எடுப்பதற்கு இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடமும் பெட்டியக்கா நிறுத்தவில்லை. ஈரத் தாளில் கையெழுத்துக் கலங்கியது. நெட்டை டாக்டர் வாசலில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்து, பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஐஸில் வைத்த ஏழு மணி நாற்பதாவது நிமிடத்தில் கல்லீரல் உள்ளே இருந்தது. உடனே சிவந்து உப்பவில்லை, தங்கச் சொட்டும் வரவில்லை. சாதாரணக் கல்லீரல் எப்படித் தடுமாறி விழித்துக்கொள்ளுமோ அப்படித்தான் விழித்துக்கொண்டது. முதல் பித்தநீருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று, அதுவும் கலங்கலாக வந்தது. பெயிண்ட் கடைப் பெண்ணின் கண்ணில் மஞ்சள் மூன்று வாரம் போகவில்லை. அந்த மூன்று வாரமும் பெட்டியக்கா வேன்காரம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். நான்காம் வாரம் அந்தப் பெண் சுவரைக் காட்டி, இது என்ன வெள்ளை, நீலம் அதிகமாகிவிட்டது, யார் கலந்தது என்று கேட்டாள். ஆறாம் வாரம் அம்மாவின் வேனிலேயே வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு பெட்டியக்காவின் பெட்டியில் எந்தக் கல்லீரலும் ஒரு நிமிடம்கூட அதிகமாகக் கெடாமல் நிற்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, அதை அப்போதைக்கப்போதே சொன்னாள்; எட்டு மணி நேரம் எட்டு மணி நேரமாகவே இருந்தது. அவளுடைய உடம்பு நாளுக்கு ஒரு டிகிரியாக ஏறியது. கணவன் காலண்டரில் எழுதிக்கொண்டே வந்து, முப்பத்தைந்துக்குப் பிறகு ஏறவில்லை என்றதும் வெப்பமானியைக் கழுவிப் பைக்குள் போட்டுவிட்டான். அந்த மீதி இரண்டு டிகிரி இனி வராது என்று இருவருக்கும் தெரியும். இயக்குநரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு இன்னும் பெரிய பதவி கிடைத்தது. வழியனுப்பு விழாவில் கேடயத்தைக் கையோடு கொண்டுபோனார். அடுத்த வருடம் இரண்டு கல்லீரல்கள் வழியில் தாமதமாகி ஐஸிலேயே வீணாயின. அந்த இரண்டுக்கும் காத்திருந்தவர்களில் ஒருவர் இறந்தார். அதன் பிறகுதான் இயந்திரம் வந்தது. நெட்டை டாக்டரின் அளவு ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் கல்லீரல் இளஞ்சூட்டில், இரத்தம் ஓட ஓட, மூச்சு விடுவதுபோல் கிடக்கும். பெட்டியக்கா முதல் நாள் அதன் முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். இவ்வளவுதானா, இதற்காகவா என்று சொல்லிவிட்டு, குழாய்களை மாட்டக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள்.

மூன்றாம் தளத்துத் தாழ்வாரத்தில் அவள் பேசியது மட்டும் போகவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கூடத்தை விட்டு வெளியே வந்து, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்ட பிறகும் அவளுடைய குரல் அங்கே பேசிக்கொண்டிருந்தது. கல்லீரல் அறுவை அறைக்குள் போனதும் நின்றது. அடுத்த வாரம் இன்னொரு பெட்டி கட்டிடத்துக்குள் நுழைந்த நிமிடத்தில், காலை ஒன்பது மணிக்கு வந்துச்சு என்று மறுபடி ஆரம்பித்தது. பொறியாளர்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். கூரையைப் பிரித்தார்கள், சத்தத்தை உறிஞ்சும் பலகைகளை அடித்தார்கள். பலகைகளுக்கு மேலும் தெளிவாகக் கேட்டதால் கழற்றிவிட்டார்கள். புதிதாக வந்த இயக்குநர் தன் அறையை வேறு தளத்துக்கு மாற்றிப் பார்த்தார். ஆனால் பெட்டிகள் வருகிற வழி அது ஒன்றுதான், படிவங்களும் அந்த வழியாகத்தான் வர வேண்டும் என்பதால் திரும்பி வந்துவிட்டார். குரல் நிற்பதற்கு ஒரே வழி கல்லீரல் உள்ளே போவதுதான் என்று தெரிந்தபின், கையெழுத்துக்கு ஆகும் நேரம் சராசரியாகப் பதினொரு நிமிடமாகக் குறைந்தது. இயந்திரம் வந்தும் அது கூடவில்லை. பெட்டியக்கா சில சமயம் தன் குரலின் ஊடாகவே குழாய்ச் சுருளைத் தூக்கிக்கொண்டு நடந்து போவாள். உங்கள் குரலா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்பாள்.

இப்போது அங்கே வேலைக்குச் சேருகிறவர்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுகிறார்கள். கணக்குப் பிரிவில் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள், தொலைபேசியில் பேசுகிறவர்கள் படிக்கட்டுப் பக்கம் போய்விடுவார்கள். வெளியாட்கள் வந்திருக்கும்போது ஒரு பெண் குரல் தாழ்வாரம் முழுக்க மணிக்கணக்குச் சொல்லத் தொடங்கினால் அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், யார் அது, எதற்கு இவ்வளவு கோபம் என்று கேட்பார்கள். இயக்குநரின் எழுத்தர் எழுந்து, "பெட்டி வந்திருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றி இயக்குநரிடம் நீட்டுவார்.